சொல்லத் தெரியாத மாடு

2024ஆம் ஆண்டுப் பொங்கல் விடுமுறையில் நாங்கள் இரண்டு குடும்பத்தினர் சென்னையிலிருந்து மானகிரிக்குப் புறப்பட்டோம். பெரியவர்கள் ஐவர், பிள்ளைகள் மூவர், கார்கள் இரண்டு. முதல் காரின் பின்கதவில் பட்டைகளால் கட்டித் தொங்கவிட்ட இரும்புச் சட்டமொன்றில் இரண்டு மிதிவண்டிகள். அதன் கூரையில் ஒரு சிறுவர் மிதிவண்டி. அதனருகே இரண்டு கூடாரங்களும் அவற்றின் கழிகளும் சுருட்டிய பாய்களும் திணித்த நீண்ட பை. இரண்டாவது காருக்குள் அடுப்பு, பாத்திரங்கள், தண்ணீர்க் குடுவைகள், போர்வைகள். விடியுமுன் தெருவிளக்கின் வெளிச்சத்தில் முதல் காரைப் பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டோம். அந்தப் படங்களை இன்று பார்க்கையில் எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தின் காரணத்தை எழுதிவைக்கவே இக்கட்டுரை.

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் கூடாரம் கொண்டுபோவானேன் என்று கேட்கலாம். எங்களுள் ஒருவருடைய பூர்வீக வீடு மானகிரியில் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போகலாம். அறைகளுக்குக் குறைவில்லை, சாவிகளுக்குத்தான் குறைவு. பங்காளிகள் பலர். ஓர் அறையின் சாவி கோயம்புத்தூரில் இருக்கிறது, இன்னொன்று சிங்கப்பூரில். எங்கள் நண்பரின் பங்குக்கு வந்தது ஒற்றை அறை. எட்டுப் பேர் அதில் படுக்க இயலாது. பின்கட்டு முற்றத்திலோ ஒரு திருமணப் பந்தியையே நடத்தலாம். ஆகவே கூடாரம். மிதிவண்டிக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஏற்ற இறக்கம் அதிகமில்லாத செம்மண் பூமி. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில கிலோமீட்டர்களே தொலைவு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளை 2014ஆம் ஆண்டு இந்தியா யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. அந்த நேர்கோட்டுத் தெருக்களைக் காருக்குள் அமர்ந்தபடி பார்ப்பவர்கள் நெடுஞ்சுவர்களை மட்டுமே பார்க்கிறார்கள். மிதிவண்டியில் போனால் திறந்திருக்கும் ஒவ்வொரு கதவின் முன்பும் கால் ஊன்றி நிற்கலாம். பிள்ளைகளுக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கும் பட்டறையைக் காட்ட வேண்டும், குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் மிதித்தே போக வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆசையில் பிழையொன்றும் இருந்ததாக இன்றும் நாங்கள் நினைக்கவில்லை. கட்டியதில்தான் பிழை.

புதுக்கோட்டையைக் கடந்து திருமயத்தை நெருங்கும்போது அது நடந்தது. கூரையில் இருந்த பை முன்புறம் தளர்ந்து, காற்றை வாங்கி, பாய்மரம் போல எழுந்து பின்னால் விழுந்தது. ஓட்டியவருக்கு ஒரு சத்தம் மட்டுமே கேட்டது. பின்னால் வந்த இரண்டாவது காரில் இருந்தவர்கள் முழுவதையும் பார்த்தோம். இரண்டு கார்களுக்கும் நடுவே இருசக்கர வண்டியொன்று சென்றுகொண்டிருந்தது. ஓட்டியவர், பின்னால் அவர் மனைவி, இருவருக்கும் நடுவில் நான்கைந்து வயதுக் குழந்தை. பை அவர்களுக்கு முன்னால் தார்ச்சாலையில் விழுந்து புரண்டது. கூடாரக் கழிகள் பையைக் கிழித்துக்கொண்டு சிதறின. அந்த மனிதர் இடப்புறம் மண்ணில் இறக்கி, காலை ஊன்றி, சறுக்கி, எப்படியோ நின்றுவிட்டார். விழவில்லை.

அவர் எங்களைத் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு வந்து, சாலையில் கிடந்த கழிகளை எங்களோடு சேர்ந்து பொறுக்கினார். அந்த அம்மா குழந்தையின் முகத்தில் படிந்த புழுதியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொன்ன மன்னிப்புக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். இருபது மீட்டர் பின்னால் வருகிறவருக்கு ஒரு நொடிகூட இல்லை. இந்தக் கணக்கை நாங்கள் அன்றிரவு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு போட்டோம். புறப்படும் முன்பு போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

மறுநாள் காலை மானகிரியில் தேநீர்க்கடை எதிரே எங்கள் கார் நின்றிருந்தது. கூரை காலியாகிவிட்டது, மிதிவண்டிகளைப் பின்கதவிலிருந்து இன்னும் இறக்கவில்லை. கடை வாங்கில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். இளமையில் பாரவண்டி ஓட்டியவராம். செங்கல், நெல், வைக்கோல் என்று எல்லாம் ஏற்றியவர். பின்சக்கரத்தின் மேல்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வண்டி பின்பாரமாவுல்ல நிக்கிது. மாடா இருந்தா கழுத்துக் கயிறு இறுக்கி நின்னு காட்டிக் குடுத்திருக்கும். இது சொல்லத் தெரியாத மாடு.”

முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை நாங்கள் அறியாதவர்கள் அல்லர், கதைகளில் படித்திருக்கிறோம். அவற்றின் பொருள் அன்றுதான் உடம்பில் உறைத்தது. இரட்டை மாட்டு வண்டியில் பாரம் முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பும். கழுத்துக் கயிறு தொண்டையைப் பிடிக்கும். இரண்டையும் மாடு உடனே சொல்லிவிடும். வண்டிக்காரர் இறங்கி ஒரு மூட்டையை நகர்த்திவைப்பார். கார் அப்படிச் சொல்வதில்லை. பின்கதவில் தொங்கும் முப்பது முப்பத்தைந்து கிலோ பின்னச்சுக்கும் அப்பால் நிற்பதால், தராசுத் தட்டைப் போல முன்பக்கத்தைச் சற்றே தூக்கிவிடுகிறது. முன்சக்கரங்களின் பிடி குறைகிறது, திருப்புவளை இலேசாகிறது. இரவானால் முகப்பு விளக்குகள் சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறிவிடுகின்றன. பல கார்களில் விளக்கின் கோணத்தைத் தாழ்த்தச் சிறு திருகு ஒன்று உண்டு. எங்கள் காரிலும் இருந்தது. ஆறு ஆண்டுகளாக அதை நாங்கள் தொட்டதே இல்லை.

தமிழில் மகிழுந்து என்று இதற்குப் பெயர் வைத்தவர் கூரையில் எதையும் ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார் என்று எங்களுள் ஒருவர் சொன்னார். சிரித்தோம். பிறகு பேச்சு, நம் பழைய வண்டிகள் எப்படிப் போயின என்பதை நோக்கித் திரும்பியது.

குடும்பம், வண்டி, பாரம், வழித்தங்கல் என்ற நான்கும் சேர்ந்த காட்சி தமிழில் மிகப் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உப்பு விற்கும் உமணரின் வண்டித்தொடரைக் காட்டுகிறார். கோழி தங்கும் கூடு வண்டியிலேயே இருக்கிறது. பெண்யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் அதில் தொங்குகிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டுகிறாள். இன்று நாம் ‘கேம்பிங்’ என்று பெயரிட்டு ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்வதை அந்தக் குடும்பம் தொழிலாகச் செய்துகொண்டிருந்தது. இந்தப் பகுதியை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். உரலின் உவமையை வியந்திருக்கிறோம். வேப்பந்தழைக் கண்ணி சூடிய வலிய ஆடவர் வண்டிகளின் பக்கத்தில் காவலாக நடந்து வருவதாகப் புலவர் சொல்வதை மட்டும் அலங்காரம் என்று கடந்துபோயிருக்கிறோம். அது அலங்காரமன்று. ஆறலை கள்வரிடமிருந்து காப்பதுதான் அவர்களின் வேலை. ஆயினும் வண்டிக்குப் பக்கத்தில் நடப்பவன் கண்ணுக்குக் கயிறு தளர்வதும் படும், மூட்டை சாய்வதும் படும். கார்ப்பயணத்தில் அந்த ஆள் இல்லை. கூரையிலும் பின்கதவிலும் என்ன நடக்கிறது என்பதைச் சாலையில் உள்ள எல்லோரும் பார்க்க முடியும். ஓட்டுபவரால் மட்டும் முடியாது.

இன்னொரு பாட்டு புறநானூற்றில் 102ஆவது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யார் அறிவார் என்று எண்ணும் உமணர், வண்டியின் அடிமரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். எழினியே, நீ அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவை. ‘ஸ்டெப்னி’க்குத் தமிழில் சொல் இல்லையே என்று வருந்துபவர்கள் இப்பாட்டைப் பார்க்கலாம். நாங்கள் சொல்லவருவது சொல்லைப் பற்றி அன்று. பாரம் ஏற்றும்போதே அது கவிழக்கூடும் என்று நினைக்கும் மனம் அந்த உமணரிடம் இருந்தது, எங்களிடம் இல்லை. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்ற குறளை இவ்விடத்தில் யாரேனும் நினைவூட்டுவீர்கள். எங்கள் அச்சு முறியவில்லை, கயிறுதான் விட்டது.

அந்தக் கயிற்றின் கதையையும் சொல்லிவிடுகிறோம். அது கயிறே அன்று. இரு முனைகளிலும் கொக்கியுள்ள ரப்பர் இழைக் கட்டு. கார் உதிரிப்பொருள் கடையொன்றில் நான்கு வாங்கினோம். நூறு கிலோ தாங்கும் என்று கடைக்காரர் சொன்னார். நாங்களும் நம்ப விரும்பினோம். இழுபடுவதே அதன் இயல்பு. நின்ற காரில் இறுக்கமாக இருப்பது, காற்று கீழிருந்து தூக்கும்போது நீண்டு கொடுக்கும். நீண்டதும் கொக்கி கழன்றுகொள்ளும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. 50 கிலோமீட்டர் வேகத்தில் சமர்த்தாக இருந்த பை 100இல் நான்கு மடங்கு விசையை எதிர்கொள்கிறது. பள்ளிப் பாடமாக இதைப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள் எங்களுள் மூவர் இருந்தோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீளாத நெசவுப்பட்டையும், பல்சக்கரம் வைத்து இறுக்கும் பூட்டும் வேண்டும். பட்டை காற்றில் அதிர்ந்து உறுமாதிருக்க அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் போதும். புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி, எல்லாக் கட்டுகளையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். பாரம் குலுங்கி அமர்ந்தபின் முதல் கட்டு தளர்ந்திருப்பது வழக்கம். காரின் கையேட்டில் கூரை எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கிறது. பெரும்பாலான குடும்பக் கார்களில் அது 50 முதல் 75 கிலோவுக்குள்தான், சிறிய கார்களில் அதற்கும் குறைவு. கூரையில் பொருத்தும் சட்டத்தின் எடையும் இதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முழுப்பாரத்துக்கு உரிய சக்கரக் காற்றழுத்தம் வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் காணலாம். அடுப்புக்கான சிறிய வாயுக் குப்பியை 50 பாகைக்கு மேல் சூடேறவிடாதே என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வெயிலில் கண்ணாடிகளை மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். நாங்கள் அதைப் பின்கண்ணாடிக்குக் கீழே, போர்வையின் மேல், பார்வையாக வைத்திருந்தோம்.

இவையெல்லாம் தெரிந்துகொள்ளக் கூடியவை. ஒரு மாலைப்பொழுது போதும். எங்கள் மனத்தை அறுப்பது வேறொன்று. என் கார், என் பாரம், என் விருப்பம் என்று இதைத் தனிமனிதர் காரியமாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். காருக்குள் இருப்பவர்களுக்கு வார்ப்பட்டை உண்டு, காற்றுப்பை உண்டு. கூரையிலிருந்து விழும் பொருள் உள்ளே இருப்பவரை ஒன்றும் செய்யாது. அதன் விலையைக் கொடுப்பவர் பின்னால் வருபவர், பக்கத்தில் நடப்பவர். நம் சாலைகளில் அவர் பெரும்பாலும் தலைக்கவசம்கூட இல்லாத குழந்தையை நடுவில் அமர்த்திக்கொண்டு இருசக்கர வண்டியில் போகிறவர்.

பேருந்துக் கூரையில் ஆடும் மூட்டையும் மிதிவண்டியும் ஏறிவந்த நாடு இது, இப்போது என்ன புதிதாக என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். உண்மைதான், எங்கள் பிள்ளைப்பருவத்தில் நாங்களும் பார்த்திருக்கிறோம். அந்தக் கூரையைச் சுற்றிக் கம்பி வேலி இருந்தது, ஏற ஏணி இருந்தது. முடிச்சுப் போடுவதையே தொழிலாகக் கொண்ட கிளீனர் ஒருவர் இருந்தார். பேருந்தின் வேகமும் சாலையின் வேகமும் இன்றைய நான்குவழிச் சாலையின் வேகம் அல்ல. கார்க்கூரை வழவழப்பான தகடு. அதன் மேல் பாரம் நிற்க வேண்டும் என்று அதை யாரும் வளைக்கவில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. வீடு மாறும் ஏழைக் குடும்பம் கட்டிலையும் பீரோவையும் ஓட்டை வண்டியொன்றின் மேல் ஏற்றித்தான் போகிறது. அவர்களுக்கும் இதே சட்டம் பேசுவீர்களா என்று கேட்டார் எங்களுள் மூத்தவர். அவர்கள் மீது எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. அவர்களுக்கு வேறு வழியில்லாமல் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் ஒருவர் பின்னால் தொங்கிக்கொண்டு கையால் பிடித்தபடியே வருவார். எங்களுக்கு வேறு வழி இருந்தது. பொழுதுபோக்குக்காகப் போகிறவன் தன் பாரத்தை இன்னொருவர் தலைமேல் தொங்கவிட்டுப் போக உரிமையில்லை என்றுதான் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 194(1அ) என்ற உட்பிரிவு, வண்டியின் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ அனுமதித்த அளவை மீறிப் பாரம் நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. பாரத்தை இறக்கும் செலவும் நம் தலையில். பதிவெண் பலகையை மறைக்கவும் கூடாது. பின்கதவில் மிதிவண்டி தொங்கவிட்டால் பலகையும் மறைகிறது, நிறுத்த விளக்குகளும் மறைகின்றன. ஜெர்மனியில் இத்தகைய சட்டத்தின் மேல் பதிவெண்ணை மறுபடி எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மிதிவண்டிக்குச் சிவப்பும் வெள்ளையும் சாய்கோடுகளாகத் தீட்டிய பலகை கட்டாயம். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பதிவெண் பலகை வந்துவிட்டது. அதைப் போன்று இன்னொன்றைத் தெருமுனைக் கடையில் எழுதி மாட்டினால் அது அதற்கு ஈடாகாது. மிதிவண்டி தொங்கும் சட்டங்களோ இணையத்தில் தாராளமாக விற்கின்றன. பலகையும் விளக்கும் என்னாகும் என்பதை வாங்குகிறவரே யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேலைநாட்டுப் பண்டம் வந்துவிட்டது, அதோடு வந்திருக்க வேண்டிய ஒழுங்கு வரவில்லை. இதைப் போக்குவரத்துத் துறை கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அன்றைய பயணத்தில் எங்களை உலுக்கிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டுத் தைப்பூசம் சனவரி 25. பொங்கல் கழிந்த அந்த நாள்களில் பழனிக்கு நடப்பவர்களால் சாலையோரங்கள் நிறைந்திருந்தன. நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்து பழனி சேர்வது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம், திரும்புவதும் நடந்துதான். விடியற்காலை இருட்டில், வெறுங்காலோடு, சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டியே வரிசையாகப் போகிறார்கள். சிலர் முதுகில் ஒளிரும் ஒட்டுப்பட்டை இருக்கிறது, பலருக்கு இல்லை. எங்கள் காரின் பின்னால் மிதிவண்டியின் கைப்பிடி பக்கவாட்டில் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்ததை மானகிரியில் இறக்கும்போதுதான் கண்டோம். ஓட்டுபவர் கணக்கிடுவது பக்கக் கண்ணாடி வரைக்கும்தான். அந்த ஒரு சாண் நடப்பவரின் தோள் உயரத்தில் போகிறது.

நடப்பவர்கள் பாரத்தை என்ன செய்கிறார்கள் என்று கவனித்தோம். மாற்றுத்துணியும் பாத்திரமும் அரிசியும் தனி வண்டியில் போகின்றன. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போகும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை; சிற்றுந்தும் உண்டு. தோளில் காவடி மட்டுமே. ஆளும் பாரமும் ஒரே ஊர்தியில் போக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எங்களுக்கோ எல்லாவற்றையும் நாங்களே, ஒரே நேரத்தில், கண்முன்னே கொண்டுபோனால்தான் திருப்தி. பல்லவன் விரைவு வண்டி சென்னை எழும்பூருக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடுகிறது; மிதிவண்டியை இரயிலில் பதிவுசெய்து அனுப்பலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. சரக்குச் சீட்டு எழுதும் முகப்பில் நிற்கச் சோம்பல்பட்டோம். காருக்குள்ளேயே பின்னிருக்கையை மடக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய போர்வை சுற்றிப் படுக்கவைத்தால் இரண்டு மிதிவண்டிகள் போகும். அப்படிச் செய்தால் இருவருக்கு இடம் போகும். அந்த இருவர் இரயிலில் வரவேண்டியிருக்கும். யார் அந்த இருவர் என்று பேசித் தீர்க்க முடியாமல்தான் கூரைக்கு ஏற்றினோம். மானக்கேடான உண்மை இது.

இரயிலிலும் அனுப்ப முடியாது, உள்ளேயும் இடமில்லை என்கிறவர்கள் ஊரிலேயே மிதிவண்டிக்குக் கேட்டுப் பார்க்கலாம். மூன்றாம் நாள் நாங்கள் கேட்டோம். தேநீர்க்கடை முதியவரின் பேரன் தன் பள்ளி மிதிவண்டியைத் தந்தான். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டி. கனமானது, பல்சக்கர மாற்றம் கிடையாது, பின்னால் உறுதியான தாங்கி உண்டு. ஆறேழு மடங்கு விலை கொடுத்து நாங்கள் சென்னையிலிருந்து சுமந்துவந்தது செம்மண் தடத்தில் இருமுறை காற்றிறங்கிப் போக, அது ஒருமுறையும் நிற்கவில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போன அன்று எல்லோருடைய சாப்பாட்டுப் பையையும் அதன் தாங்கியில்தான் கட்டினோம். கட்டியவர் முதியவர். தேங்காய்நார்க் கயிறு, முதலில் குறுக்கே ஒன்று, பிறகு நெடுக்கே ஒன்று, இரண்டும் கூடும் இடத்தில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினார். முறுக்கி முடித்ததும் மிதிவண்டியைத் தூக்கித் தரையில் இருமுறை தட்டினார். பிறகு மறுபடியும் முறுக்கினார்.

ஊருக்குத் திரும்பும் நாளில் மிதிவண்டிகள் மூன்றையும் மானகிரி வீட்டிலேயே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. நண்பரின் பங்கு அறைக்குள் சுவரோரமாகச் சாத்தி, பழைய வேட்டியால் மூடினோம். சிறுவர் மிதிவண்டியைப் பேரனின் தங்கை ஓட்டட்டும் என்று அவர்கள் வீட்டில் கொடுத்தோம். கிழிந்த பையைத் தைத்து, கூடாரங்களை இரண்டாவது காருக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டோம். பின்கதவுச் சட்டத்தைக் கழற்றியபோது அதன் கொக்கிகள் பதிந்த இடங்களில் வண்ணம் பெயர்ந்திருந்தது. திருமயம் தாண்டும்வரை இரண்டு கார்களிலும் யாரும் அதிகம் பேசவில்லை. பை விழுந்த இடத்தை எல்லோரும் தேடினோம். ஒரே மாதிரியான சாலை, அடையாளம் தெரியவில்லை. கோட்டை கண்ணில் பட்டதும் பிள்ளைகளுள் ஒருத்தி மட்டும், அந்தப் பாப்பாவுக்குக் கண்ணில் தூசி போயிருக்குமா என்று கேட்டாள்.